நேராகப் போக மறுக்கும் மஞ்சள் மோட்டார் கார்: ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த அனுபவம்

கூட வேலை பார்க்கும் நண்பர் கேட்டார்: "சார், பாப்பா ஒன்பதாவது போறா. ரோபோ செய்யணும்னு ஒரே பிடிவாதம். நீங்க வச்சிருக்கீங்களே, அந்த கார் கிட்டையே வாங்கித் தரலாமா?" வாங்கலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமாக இல்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எந்த கிட் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அக்ரிலிக் தட்டு, இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், ஒரு குட்டிச் சுழல் சக்கரம், புரோகிராம் ஏற்றும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் மலிவுப் பதிப்பு, மோட்டாரை ஓட்டும் சிவப்பு நிற எல்298என் டிரைவர், ஒலி அலையால் தூரம் அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். எந்தக் கடையில் வாங்கினாலும் உள்ளே இதே சாமான்தான். போர்டில் எனக்குக் குறையே இல்லை. சென்சாரும் நன்றாகத்தான் உழைக்கிறது. திரைச்சீலையையும் சாய்வாக நிற்கும் சுவரையும் மட்டும் அது சரியாகக் காண்பதில்லை. ஒலி திரும்பி வந்தால்தானே அதற்குத் தூரம் தெரியும்.

என் குறை ஒன்றே ஒன்றுதான். இந்தக் கார் நேராகப் போகாது.

இரண்டு மோட்டாருக்கும் 200 என்று ஒரே வேக எண்ணைப் புரோகிராமில் கொடுப்பேன். 255தான் உச்சம். கார் கிளம்பும், ஹாலில் பாதி தூரம் போவதற்குள் இடது பக்கம் ஒதுங்கிக் கட்டில் காலில் முட்டி நிற்கும். நோஞ்சான் மாட்டையும் வாட்டசாட்டமான மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய வண்டி இது. ஒரே பெட்டியில் வந்த மோட்டார்களாக இருந்தாலும் உள்ளே உராய்வு வேறு, காந்தம் வேறு, பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் இறுக்கம் வேறு. இதைக் கிட்டோடு வந்த தாளில் ஒரு வரியாவது போட்டிருக்கலாம். 'இரண்டு மோட்டாரையும் ஓட்டினால் கார் முன்னால் போகும்' என்பதோடு அந்தத் தாள் நிறுத்திக்கொள்கிறது. புதிதாகக் கற்க வருபவர் அதை நம்பித் தன் புரோகிராமில்தான் ஏதோ பிழை என்று ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார். எனக்கு இதில்தான் கோபம்.

சரி, இடதுக்கு 200, வலதுக்கு 183 என்று வைத்தால் நேராகிவிடும். ஆனால் பேட்டரி முழுதாக இருக்கும்வரைதான். இரண்டு 18650 லித்தியம் செல்லும் சேர்ந்து முழுச் சார்ஜில் 8.4 வோல்ட்; ஓட ஓட 7, அப்புறம் அதற்கும் கீழே. எல்298என் பழைய காலத்து பைபோலார் டிரான்சிஸ்டர் சிப். மோட்டாருக்குப் போகிற வழியிலேயே சுமார் 2 வோல்ட்டை அது விழுங்கிவிடும். அதன் முதுகில் இருக்கும் வெப்பத்தை வெளியேற்றும் கறுப்பு ஹீட் சிங்க்கைக் கொஞ்ச நேர ஓட்டத்துக்குப் பிறகு தொட்டுப் பார்த்தால் அந்த வோல்ட் எங்கே போனது என்று விரலுக்கே தெரியும். வோல்ட் குறையும்போது இரண்டு மோட்டாரும் ஒரே அளவில் தளர்வதில்லை. காலையில் நேராகப் போன கார் சாயங்காலம் மறுபடி வளையும்.

இதோடு எங்கள் ஊர்க் காற்றும் சேர்ந்துகொள்ளும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, சில்வர் பீச் பக்கம்தான். ஜன்னல் கம்பியையே அரிக்கிற உப்புக்காற்று, பாகங்களை இணைக்கும் இந்த ஜம்பர் ஒயரின் மெல்லிய முனைகளை விட்டுவைக்குமா? மழைக்காலம் முடிந்தபோது பின்கள் மங்கி, சிலவற்றில் பச்சை படிந்திருந்தது. ஒயரை விரலால் அழுத்தினால் ஒரு சக்கரம் வேகமெடுக்கும், விட்டால் தளரும். டிரைவருக்குப் போகும் ஒயர்களை எல்லாம் இப்போது சால்டர் செய்துவிட்டேன். சுழல் சக்கரத்தின் அச்சில் மணலும் முடியும் சுற்றிக்கொள்ளும். ரிவர்ஸ் எடுத்து முன்னால் கிளம்பும்போது அந்தச் சக்கரம் திரும்புகிற உதறலில் வண்டி ஒரு பக்கம் திரும்பிவிடும்.

போன வாரம் இடது மோட்டாரின் செப்புத் தகடு ஒடிந்தது. ஒயரை சால்டர் செய்யும் அந்தத் தகடு தாள் கனம்தான் இருக்கும், ஒயர் நாலு முறை ஆடினால் முடிந்தது கதை. புது மோட்டார் மாட்டினேன். புதியது சுறுசுறுப்பு. பழைய 200, 183 எண்களோடு ஓட்டினால் இப்போது கார் வலது பக்கம் இழுக்கிறது!

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தக் குறையால்தான் நான் ரோபோ என்றால் என்ன என்றே புரிந்துகொண்டேன். சக்கரத்தின் அச்சில் மாட்டும் துளைத் தட்டு ஒன்று உண்டு, 20 துளை. அதைப் பார்த்து எண்ணும் ஒளிச் சென்சார் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு தனியாக வாங்கினேன். 65 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 204 மி.மீ. உருளும், அப்படியானால் ஒரு துளைக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர். ஊனோவில் சென்சார் சைகை வந்த உடனே கவனிக்கும் இன்டரப்ட் பின் இரண்டே இரண்டு, 2-ம் 3-ம். இரண்டு சக்கரத்துக்குச் சரியாகப் போதும். எந்தப் பக்கம் எண்ணிக்கை முந்துகிறதோ அதன் வேகத்தைக் கொஞ்சம் குறை, அவ்வளவுதான் புரோகிராம். கார் டைல்ஸ் கோட்டை ஒட்டியே சமையலறை வாசல்வரை போனது. ஒரு பக்கம் கைபேசியைப் பாரமாக வைத்தேன். லேசாகத் தடுமாறி, தானே சரிசெய்துகொண்டு போனது. "இப்பதான்டா ஒழுங்கா போவுது" என்றார் அம்மா. அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை. மோட்டார்கள் சமமாக இருக்க வேண்டியதே இல்லை, விலகியது தெரிந்தால் போதும். 1940-களின் இறுதியில் பிரிஸ்டலில் கிரே வால்டர் செய்த ஆமை ரோபோக்கள், பழைய ரேடியோக்களில் இருந்ததுபோன்ற இரண்டே வெற்றிடக் குழாய் வால்வுகளை வைத்துக்கொண்டு விளக்கைத் தேடிப் போனதும் இந்த வகையில்தான்: பார், திரும்பு, மறுபடி பார்.

இத்தனை கற்றுக்கொடுத்த பொருள் என் வீட்டில் வேறில்லை. ஆனாலும் பாப்பாவுக்கு இந்த கிட் வேண்டாம் சார். முதல் நாள் வண்டி கோணலாகப் போனால் தனக்கு இது வராது என்று அந்தக் குழந்தை முடிவு செய்துவிடும். துளை எண்ணும் அந்த இரண்டு சென்சாரைப் பெட்டியிலேயே வைத்து விற்க முடியாதா? என்ன பெரிய செலவு? மோட்டார் ஒடிந்த எரிச்சலில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பதிலாக, சுற்றை எண்ணும் என்கோடரோடு வரும் என்20 என்ற குட்டி மோட்டார் இரண்டு, எல்298என்னுக்குப் பதில் வோல்ட்டை அவ்வளவாக விழுங்காத டிபி6612 டிரைவர், சாதாரண ஊனோ என்று தனித்தனியாக வாங்குங்கள். விலை கூடத்தான் ஆகும். கடைக்காரர் 9 வோல்ட் சதுர பேட்டரியைச் சேர்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது வோல்ட் சரிந்து போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். விலைக்காக மஞ்சள் மோட்டாரேதான் வாங்க வேண்டியிருந்தால், ஒயர் சால்டர் செய்து வருவதாகப் பார்த்து மூன்றாக வாங்குங்கள், தகட்டின் மேல் உடனே ஹாட் குளூ வைத்துவிடுங்கள்.