32 ஜிபி ரேமில் மூன்று சர்வர்கள்: பிராக்ஸ்மாக்ஸ் விஇ பயன்பாட்டு அனுபவம்

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கும் எங்கள் உறவினரின் அலுவலகம் காரைக்குடியில் இருக்கிறது. அங்குள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. டேலி கணக்கு மென்பொருள் ஓடும் விண்டோஸ், கோப்புகளைச் சேமிக்கும் சர்வர், கல் வடிவங்களைக் காட்டி ஆர்டர் வாங்கும் இணையதளம் ஆகிய மூன்றையும் 32 ஜிபி ரேம் உள்ள ஒரே பெட்டியில், ஒரு கணினியைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் விஇ மென்பொருளைக் கொண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டி வருகிறோம். அதில் ஒவ்வொரு மெய்நிகர் சர்வருக்கும் ரேம் வரம்பு வைக்கும் முறையைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். சிறிய அலுவலகங்களில் பெரும்பாலும் தவறு நடப்பது அங்கேதான்.

வியன்னாவில் உருவாகி 2008-இல் முதன்முதலாக வெளிவந்த இந்த மென்பொருள் டெபியன் லினக்ஸின் மேல் அமைந்தது. முழு மெய்நிகர் கணினிகளுக்குக் கேவிஎம், தனிக் கணினியாக இல்லாமல் பெட்டியின் லினக்ஸையே பகிர்ந்து ஓடும் இலகுவான கன்டெய்னர்களுக்கு எல்எக்ஸ்சி என்று இரண்டு வழிகளைத் தருகிறது. இரண்டிலும் 'மெமரி' என்ற பெயரில்தான் ஒரு கட்டம் இருக்கிறது; ஆனால் அதில் எழுதும் எண்ணின் பொருள் இரண்டிலும் ஒன்றல்ல.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரே வளவைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது மணமான குடும்பம் ஒவ்வொன்றுக்கும், ஓர் அறை இருக்கும். முற்றம் மட்டும் எல்லாருக்கும் பொது. கேவிஎம்மில் விண்டோஸுக்கு 12 ஜிபி என்று எழுதுவது அப்படியோர் அறையைப் பிரித்துக் கொடுப்பது போன்றது. விண்டோஸ் தொடங்கும்போதே அந்த இடம் முழுவதையும் தொட்டுவிடுவதால், உள்ளே டேலி 3 ஜிபியே பயன்படுத்தினாலும் ஹோஸ்ட்டின், அதாவது பெட்டியில் நேரடியாக ஓடும் பிராக்ஸ்மாக்ஸின், கணக்கில் 12 ஜிபியும் செலவாகிவிடும். கன்டெய்னரில் எழுதுவதோ வெறும் உச்சவரம்பு. பயன்படுத்தும் அளவுதான் செலவு.

இந்த வேறுபாட்டை நான் அறிந்தே இருந்தேன். ஆனாலும் தொடக்கத்தில் பிழை செய்தேன். விண்டோஸுக்கு 12, கோப்பு சர்வருக்கு 8, இணையதளக் கன்டெய்னருக்கு 4 என 24 ஜிபி ஒதுக்கி, மீதி 8 ஜிபி ஹோஸ்ட்டுக்குத் தாராளமாகப் போதும் என்று எண்ணினேன். ஒரு மாதம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளன்று, கணக்கப்பிள்ளை ஐயா அழைத்து, "தம்பி, டேலியே காணோம், பதிஞ்சது எல்லாம் போயிருமா?" என்று கேட்டார். விண்டோஸ் கணினி முழுவதும் அணைந்து கிடந்தது. ஹோஸ்ட்டின் பதிவேட்டைத் திறந்தால், 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியை அடுத்து, கொல்லப்பட்டது கேவிஎம் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்று தெளிவாக இருந்தது. ரேம் தீர்ந்துபோகும்போது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் புராசஸையே நிறுத்தும். எங்கள் பெட்டியில் அது 12 ஜிபி வைத்திருந்த விண்டோஸ். நல்வேளையாக டேலி தரவுக்கு முந்தைய இரவின் நகல் இருந்தது. அன்று காலை பதிந்ததை மட்டும் அவர் மறுபடி உட்கார்ந்து பதிந்தார்.

நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது இசட்எஃப்எஸ். வட்டுகளை நிர்வகிக்கும் அந்த அமைப்பு, அடிக்கடி படிக்கும் தரவை 'ஆர்க்' என்ற பெயரில் ரேமிலேயே வைத்துக்கொள்ளும். நாங்கள் நிறுவிய 7ஆம் பதிப்பில் அதன் இயல்பான உச்சவரம்பு மொத்த ரேமில் பாதி, அதாவது 16 ஜிபி. ஆக, 32 ஜிபி பெட்டியில் நான் 40 ஜிபிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நெருக்கடி வரும்போது ஆர்க் சுருங்கத்தான் செய்யும். ஆனால் திடீரென்று தேவை எழும்போது போதிய வேகத்தில் இடம் விடுவதில்லை. 2023 நவம்பரில் வெளிவந்த 8.1 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது இந்த வரம்பு மொத்த ரேமில் 10 சதவீதமாக, 16 ஜிபிக்கு மேற்படாமல் அமைக்கப்படுகிறது. இதை மிக நல்ல மாற்றம் என்று கருதுகிறேன். பழைய பதிப்பில் தொடங்கி மேம்படுத்தி வருபவர்களுக்கு அது தானாக வந்துவிடாது. நாம்தான் 'இசட்எஃப்எஸ் ஆர்க் மேக்ஸ்' அளவைக் கோப்பில் எழுத வேண்டும். நான் 4 ஜிபி வைத்தேன். அதை பைட்டில்தான் எழுத வேண்டும் என்பதால் 4294967296 என்று ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்து எழுதினேன். ஹோஸ்ட் நிறுவப்பட்ட ரூட் பகுதியும் இசட்எஃப்எஸ்ஸில் இருந்தால், தொடக்கக் கோப்பைப் புதுப்பிக்கும் 'அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையையும் ஓட்டி மறுதொடக்கம் செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

பலூனிங் வசதியைப் பலரும் இதற்குத் தீர்வாகச் சொல்கிறார்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை வேறுவேறாகக் கொடுத்தால், ஹோஸ்ட்டின் ரேம் பயன்பாடு 80 சதவீதத்தை நெருங்கும்போது மெய்நிகர் கணினியிடமிருந்து இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். விண்டோஸில் விர்ட்ஐஓ டிரைவர் நிறுவாவிட்டால் இது வேலை செய்யாது. டேலி போல எப்போதும் தயாராக இருக்க வேண்டிய ஒன்றிடமிருந்து வேலை நேரத்தில் இடத்தைப் பிடுங்குவதை நான் விரும்பவில்லை. ஆகவே இரண்டு அளவுகளையும் ஒன்றாகவே வைத்து, 12-ஐ 8 ஆகக் குறைத்துவிட்டேன். டிரைவரை மட்டும் எடுக்கவில்லை, ஏனெனில் உள்ளே உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதை முகப்புத் திரைக்குத் தெரிவிப்பது அதுதான்.

எனக்கு முழு நிறைவு தந்தது கன்டெய்னர். பட்டறையில் கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து, நீரில் ஊறவைத்து எடுத்த புதுக் கற்களின் படங்களை ஒருநாள் பையன்கள் மொத்தமாக இணையதளத்தில் ஏற்றினார்கள். எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில் சிறிதாக்கும் வேலையில் 4 ஜிபி வரம்பு எட்டப்பட்டு, அந்த ஒரு புராசஸ் மட்டும் நின்றது. தளம் நிற்கவில்லை, டேலியும் அசையவில்லை. வரம்பு என்பது இதற்காகத்தான். அதை 6 ஜிபியாக உயர்த்தியபோது மறுதொடக்கமே தேவைப்படவில்லை. உள்ளே 'ஃப்ரீ' கட்டளை உடனே புதிய அளவைக் காட்டியது. புதிய கன்டெய்னருக்கு இயல்பாக 512 எம்பிதான் கொடுக்கப்படும் என்பதால் அந்த எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டாம்.

குறை என்று சொன்னால் ஒன்று பெரிது. ஒதுக்கிய ரேமின் கூட்டுத்தொகை ஹோஸ்ட்டிடம் உள்ளதை மீறினாலும், புதிய கணினியை உருவாக்கும் திரையில் எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. தெரிந்தே மீறுபவர்களுக்கு அந்தச் சுதந்திரம் தேவைதான். ஆனாலும் ஒரு மஞ்சள் வரியாவது காட்டலாம்.

மென்பொருள் இலவசம், ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் கிடைக்கிறது. சந்தா இல்லையெனில் ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் ஓர் அறிவிப்பு வரும், வேலை எதுவும் தடைபடாது. எங்கள் அளவுள்ள அலுவலகத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இப்போது எங்கள் கணக்கு விண்டோஸுக்கு 8, கோப்பு சர்வருக்கு 8, இணையதளத்துக்கு 6, ஆர்க்குக்கு 4, மீதி 6 ஹோஸ்ட்டுக்கு. இதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டிலேயே ஒட்டியிருக்கிறேன். நான்காவது சர்வர் ஒன்று வேண்டும் என்று யார் கேட்டாலும் முதலில் அந்தத் தாளைத்தான் பார்க்கிறேன்.