போர்க்கப்பலுக்கு முன் எண்ணெய்க் கப்பல்: 'வார் இன் த பசிபிக் – அட்மிரல்ஸ் எடிஷன்'

இரண்டாம் உலகப்போரின் பசிபிக் களத்தைக் கணினியில் ஆடும் இந்த விளையாட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: உங்கள் நேரத்தில் பெரும்பகுதி சரக்குக் கப்பல்களோடுதான் போகும். ஜப்பானின் பெரும் போர்க்கப்பல் யமாட்டோ இருக்கிறது, அமெரிக்க விமானந்தாங்கி என்டர்பிரைஸ் இருக்கிறது, விமானங்கள் குண்டு போடுவதும் திரையில் வரும். ஆனால் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து நீங்கள் பார்க்கப்போவது எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது, அதை எந்தக் கப்பல் எப்போது ஏற்றும் என்பதைத்தான். அதில் சுவை காண்பவருக்கு இதைவிட நல்ல கடற்போர் விளையாட்டு இல்லை என்பது என் கருத்து. பகலில் ஒரு களஞ்சியத்தில் இருப்புக் கணக்குப் பார்ப்பவன் நான். இரவில் வந்து அதே வேலையைப் பசிபிக் அளவில் செய்வது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

2004-ல் கேரி கிரிக்ஸ்பியின் குழு செய்த மூல விளையாட்டை எடுத்து, ஹென்டர்சன் ஃபீல்ட் டிசைன்ஸ் என்ற குழு பெரிதாக்கித் திருத்த, மேட்ரிக்ஸ் கேம்ஸ் 2009-ல் வெளியிட்டது இது. வரைபடத்தில் மேற்கே இந்தியா, கிழக்கே அமெரிக்காவின் மேற்குக் கரை, வடக்கே அலூசியன் தீவுகள், தெற்கே நியூசிலாந்து. ஒவ்வொரு அறுகோணக் கட்டமும் 40 கடல் மைல். ஒரு டர்ன், அதாவது நீங்கள் உத்தரவு போடும் ஒரு முறை, என்றால் ஒரு நாள். 1941 டிசம்பர் 7-லிருந்து 1945 ஆகஸ்ட் 15 வரை கணக்குப் பார்த்தால் 1,347 நாள். அதாவது முழுப்போரையும் ஆடினால் அத்தனை டர்ன்.

புதிதாக வருபவர் முழுப்போரைத் தொடக்கூடாது. முதல் டர்னிலேயே நூற்றுக்கணக்கான கப்பல்களும் படைப்பிரிவுகளும் விமானப் பிரிவுகளும் உத்தரவுக்காகக் காத்திருக்கும். அதிலேயே பலர் சலித்து மூடிவிடுகிறார்கள். பவளக் கடல் என்ற சிறிய ஆட்டத்தில் தொடங்குங்கள். 1942 மே மாதம், நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பியைச் சுற்றி. கப்பல்கள் குறைவு, நாட்கள் குறைவு. அதில் பொத்தான்கள் பழகிய பிறகு சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலின் ஆட்டத்துக்குப் போங்கள். இரண்டிலும் நேசநாடுகள் பக்கம் நில்லுங்கள். ஜப்பான் பக்கம் ஆடினால், பெரிய ஆட்டத்தில் விமானத் தொழிற்சாலை, எஞ்சின், கப்பல் கட்டும் தளம் எல்லாவற்றையும் நீங்களே நடத்த வேண்டும். அது தனிப் படிப்பு.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது சப்ளைக்கும் ஃப்யூவலுக்கும் உள்ள வேறுபாடு. ஃப்யூவல் என்பது கப்பல்கள் எரிப்பதும் கனரகத் தொழிற்சாலைகள் தின்பதும். சப்ளை என்பது மற்ற எல்லாம்: சோறு, தோட்டா, குண்டு, கட்டுமானப் பொருள், விமானத்துக்கான பெட்ரோல் உட்பட. விமானம் பறப்பது சப்ளையில்தான். ஆகவே ஒரு தீவில் ஃப்யூவல் மலைபோலக் கிடந்தாலும் சப்ளை தீர்ந்தால் விமானங்கள் தரையில் நிற்கும். சப்ளை தரையில் தானாக ஓடும். ரயில் பாதை இருந்தால் வேகமாக, காட்டுப் பாதை என்றால் சொட்டுச் சொட்டாக. கடலைத் தாண்டித் தானாக ஒரு மூட்டையும் போகாது. ஆஸ்திரேலியாவில் இறக்கியது சிட்னியிலிருந்து பிரிஸ்பேனுக்குத் தானே போய்ச் சேரும். நியூ கினிக்கு நீங்கள்தான் கப்பல் பிடிக்க வேண்டும். இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் தொழிற்சாலைகள் நீங்கள் கடற்படைக்கென்று கொண்டுவந்த ஃப்யூவலையும் தின்னும். சிட்னியில் எண்ணெய் குறைகிறதே என்று குழம்புபவர்களுக்கு விடை அதுதான்.

குவாடல்கனால் ஆட்டத்தில், நியூ கலிடோனியாவின் நூமியா துறைமுகத்திலிருந்து குவாடல்கனால் தீவின் லுங்கா தளத்துக்கு ஒரு சரக்கு அணியை அனுப்பும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். நூமியாவைச் சொடுக்கி, புதிய டாஸ்க் ஃபோர்ஸ் (கப்பல் அணி) என்று போட்டு, 'கார்கோ' வகையைத் தேர்ந்தெடுங்கள். கப்பல் பட்டியல் வரும். பெரிய கப்பல் அதிகம் சுமக்கும் என்று கை அதைத்தான் தேடும். ஆனால் லுங்காவில் துறைமுகம் மிகச் சிறியது. பெரிய கப்பல் அங்கே ஒதுங்க முடியாமல் வெளியே நின்று, நாள்கணக்கில் மெல்ல இறக்கும். ஜப்பானியத் தளமான ராபவுல் அங்கிருந்து சுமார் 560 கடல் மைல் தூரம்தான். ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் தினமும் வரக்கூடிய தூரம். ஒரு பெரிய கப்பலுக்குப் பதிலாக நான்கு சிறிய கப்பல்களை எடுத்தால் நான்கும் ஒரே நேரத்தில் இறக்கும், சீக்கிரம் கிளம்பும். மணிக்கு 10 கடல் மைல் போகும் கப்பல் ஒரு நாளில் ஆறு கட்டம் தாண்டும். நூமியாவிலிருந்து லுங்கா ஏறத்தாழ நான்கு நாள். அப்படியென்றால் இன்று நீங்கள் ஏற்றுவது அடுத்த வாரத்துத் தேவைக்கு. லுங்காவில் சப்ளை தீரும் அன்று யோசித்தால் நேரம் கடந்துவிட்டது.

அந்த அணிக்குக் காவலாக இரண்டு மூன்று நாசகாரிக் கப்பல்களைச் சேர்க்க வேண்டும். மெதுவான கப்பல் ஒன்று இருந்தாலும் முழு அணியும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். அதனால் வேகம் ஒத்த கப்பல்களையே ஒன்றாகப் போடுங்கள். சொந்தத் துறைமுகம் எது என்று குறித்துவிடுங்கள், இறக்கியதும் தானே திரும்பும். லுங்காவுக்கு அளவுக்கு மேல் கொட்டவும் கூடாது. சிறிய தளம் தாங்கும் அளவுக்கு மிஞ்சிய சப்ளை கெட்டுப்போகிறது. விளையாட்டு அதை உண்மையாகவே கழிக்கிறது. இருப்பைப் பெருக்க வேண்டும் என்றால் முதலில் பொறியாளர் படையை இறக்கித் துறைமுகத்தையும் விமானத் தளத்தையும் வளர்க்க வேண்டும். அவர்களும் சப்ளை தின்பார்கள்தான், ஆனால் அது வட்டியோடு திரும்பி வரும் செலவு.

இதையெல்லாம் செய்து பார்த்த பிறகுதான் 1942 ஆகஸ்டில் நடந்தது எனக்கு உண்மையில் விளங்கியது. ஆகஸ்ட் 7-ல் குவாடல்கனாலில் அமெரிக்க மரைன்கள் இறங்கினார்கள். பக்கத்திலுள்ள சாவோ தீவுக்கு அருகே ஒரே இரவுச் சண்டையில் நேசநாடுகளின் நான்கு கனரக குரூசர்கள் போயின, விமானந்தாங்கிகளும் விலகிவிட்டன. ஆகஸ்ட் 9-ல், படையை இறக்கிய கப்பல்களின் தளபதி அட்மிரல் டர்னர் பாதிச் சரக்குக்கு மேல் இறக்காமலே கப்பல்களைத் திருப்பிக் கொண்டுபோனார். கரையில் இருந்தவர்கள் நாளுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டில், ஜப்பானியர் விட்டுப்போன அரிசியையும் சேர்த்துச் சமாளித்தார்கள். டர்னர் கோழை என்று யாராவது சொன்னால், அப்படிச் சொன்னவரைக் கூப்பிட்டு இந்த ஆட்டத்தில் ஒரு வாரம் உட்கார வைக்கலாம். அப்புறம் எதிர்ப்பக்கத்தில், ஜப்பான் அதே தீவுக்கு நாசகாரிகளில் இரவோடிரவாகச் சாமான் கொண்டுபோனது. நாசகாரியில் எவ்வளவு குறைவாக ஏறும் என்பதை எண்ணில் பார்த்தால், அங்கிருந்த ஜப்பானியப் படை ஏன் பட்டினி கிடந்தது, 1943 பிப்ரவரியில் ஏன் தீவைக் காலிசெய்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நாசகாரிகளைப் பற்றிச் சொல்லும்போது, அவை எண்ணெய் குடிக்கும் வேகத்தையும் சொல்ல வேண்டும். முழு வேகத்தில் விரட்டினால் சில நாட்களில் தொட்டி காலி. அணியில் உள்ள பெரிய கப்பல்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும். அவையும் காலியானால் மொத்த அணியும் நடுக்கடலில் ஊர்ந்து நகரும். விமானந்தாங்கி அணி எங்கே போனாலும் அதற்குப் பின்னால் எண்ணெய்க் கப்பல் அணி ஒன்று, தனிக் காவலோடு, வரவேண்டும். பவளக் கடலில் இதற்கான பாடம் கண்முன் இருக்கிறது: நியோஷோ என்ற எண்ணெய்க் கப்பலும் அதன் காவல் கப்பலான சிம்ஸும். மே 7 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்த இரண்டையும் விமானந்தாங்கி அணி என்று நினைத்துத் தாக்கின. சிம்ஸ் மூழ்கியது, நியோஷோ சில நாள் மிதந்து, பின்னர் அமெரிக்கர்களாலேயே மூழ்கடிக்கப்பட்டது. ஆட்டத்தில் நீங்கள் நியோஷோவை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதே முதல் பெரிய முடிவு. விமானந்தாங்கிகளுக்கு ஒரு நாள் பயணத் தூரத்தில், எதிரி தேடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நிறுத்துவது எனக்குப் பிடித்த வழி.

நான் திருகோணமலைக்காரன். அதனால் இந்த வரைபடத்தில் எங்கள் ஊரும் ஒரு தளமாக இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுதாமல் விட முடியாது. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் பிடிக்கும். 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானம் ஒன்று விழுந்து அங்கே இருந்த இன்னொரு குதம் எரிந்தது. அன்றைக்கே ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி, தன் விமானங்கள் இல்லாமல், மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது. அதற்கு நான்கு நாள் முன்னர் கொழும்பு தாக்கப்பட்டது. டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற பிரித்தானியக் குரூசர்கள் இரண்டும் அன்று போயின. சிறுவயதில் அந்தக் குதங்களைப் பார்க்கும்போது இவ்வளவு எண்ணெய் இங்கே எதற்கு என்று தோன்றும். முழுப்போர் ஆட்டத்தில் அது தெரிகிறது. வரைபடத்துக்கு வெளியே இருக்கும் ஈரானின் எண்ணெய்த் துறைமுகம் அபாடானிலிருந்து எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிரப்ப, இந்து சமுத்திரத்தில் பிரித்தானியக் கடற்படை நிலைகொள்ள இலங்கையும் மாலைதீவின் அட்டு அட்டோலும்தான் இருக்கின்றன. சிங்கப்பூர் போகும், ஜாவா போகும். பின்வாங்கும் கப்பல்கள் எல்லாம் இங்கே வந்து எண்ணெய் கேட்கும். ஆகவே 1941 டிசம்பரிலேயே அபாடான் – இலங்கை ஓட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். ஒரு அணிக்குத் தொடர் சப்ளை ஓட்டம் என்று குறித்துவிட்டால், அது தானாகவே போய் ஏற்றி வந்து இறக்கிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வசதி கைவேலையைப் பெரிதும் குறைக்கிறது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரித்தானியப் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டையும் சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு இழுத்துவிடுவதே நல்லது. வரலாற்றில் அவை டிசம்பர் 10 அன்று மூழ்கின. ஆட்டத்திலும் வான்காவல் இல்லாமல் வடக்கே அனுப்பினால் பெரும்பாலும் அதே கதைதான்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. எதிரி பிடித்திருக்கும் கரையில் இறங்குவதற்கு 'ஆம்ஃபிபியஸ்' வகை அணிதான் வேண்டும்; சாதாரணப் போக்குவரத்து அணி நம் கையில் உள்ள துறைமுகத்துக்கு மட்டும். இறங்கப்போகும் படைக்கு இலக்கை முன்கூட்டியே குறித்தால் தயாரிப்பு மெல்ல மெல்ல 100 வரை ஏறும். குறைந்த தயாரிப்பில் இறக்கினால் கரையிலேயே கலைந்துபோகும். பெரிய ஆட்டத்தில் நாளுக்கு 50 அரசியல் புள்ளிகள் கிடைக்கும். அமெரிக்க மேற்குக் கரையில் கட்டுண்டு கிடக்கும் தரைப்படை டிவிஷன்களை விடுவிக்க அவை வேண்டும். தளபதிகளை மாற்றி மாற்றிச் செலவழித்துவிடாதீர்கள். அமெரிக்க நீர்மூழ்கிகளின் மார்க் 14 டார்பிடோ தொடக்க காலத்தில் வெடிக்காமல் போகும், போரில் நடந்தது போலவே. பழைய எஸ் ரக நீர்மூழ்கிகள் மார்க் 10 டார்பிடோ வைத்திருப்பவை. நம்பிக்கையாக எண்ணெய்க் கப்பல் வழிகளுக்கு அனுப்புங்கள். டச்சு நீர்மூழ்கிகளும் அப்படித்தான்.

குறைகள் சிறியவை அல்ல. திரை பழைய காலத்தது, எழுத்து பொடியாக இருக்கிறது. பெரிய திரையில் ஓட்ட, விளையாட்டைத் திறக்கும் ஷார்ட்கட்டில் சில கட்டளைகளைக் கையால் சேர்க்க வேண்டும். கைப்பிடித்து நடத்தும் பயிற்சி எதுவும் திரையில் வராது. தடித்த கையேடுதான் ஆசிரியர். கணினி எதிரி எழுதி வைத்த திட்டங்களின்படி ஆடுகிறது. முதல் சில மாதம் நன்றாக அடிக்கும், பிறகு நீங்கள் வேறு வழியில் போனால் தடுமாறும். கற்றுக்கொள்ள அது போதும். உண்மையான போட்டி வேண்டும் என்றால் இன்னொரு ஆளோடு கோப்புகளை மின்னஞ்சலில் மாற்றி மாற்றி ஆடலாம். நாளுக்கு ஒரு டர்ன் என்று வைத்தால் முழு ஆட்டம் மூன்றே முக்கால் வருடத்துக்குக் கிட்டப் போகும், போர் நடந்த அதே காலம். அந்த அளவுக்குப் பொறுமையுள்ள ஒருவரை முதலிலேயே பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விலை குறைவானதல்ல, தள்ளுபடிக் காலத்தில் வாங்குவது நல்லது. புதிய கணினி தேவையில்லை. என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினிதான், தாராளமாக ஓடுகிறது. பொடி எழுத்துக்காக வெளித்திரை ஒன்று இருந்தால் கண் பிழைக்கும். சண்டைக் காட்சிகளுக்காக வருபவர்கள் வேறு விளையாட்டுப் பார்க்கலாம். வரைபடத்தையும் இருப்புப் பட்டியலையும் ரசிப்பவர்கள் பவளக் கடலை முடித்துவிட்டு, குவாடல்கனாலைத் திறந்து, முதல் வேலையாக நூமியாவின் சப்ளை எண்ணைப் பாருங்கள்.