பத்தாயிரம் ரூபாய் சிலேட்டு: 22 மாதக் கணக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. தரைத்தளம். அரிசியும் அம்மாவின் மாத்திரைப் பையும் முதலில் மேலே போயின. கட்டிலுக்கு அடியில் மூன்று அட்டைப்பெட்டிகளில் இருந்த புத்தகங்கள் கடைசியில்தான் நினைவுக்கு வந்தன. தண்ணீர் வடிந்ததும் ஒரு பெட்டியைத் தூக்கினேன். அடிப்பக்கம் தரையிலேயே தங்கிவிட்டது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிய செங்கல் மாதிரி கனத்தன. சாக்கடை நாற்றம் வேறு. ஈரம் என்று சொல்லிப் பழைய பேப்பர்காரர்கூட எடுக்கவில்லை. புத்தகக் காட்சியிலும் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலும் இருபது வருடமாகச் சேர்த்தவை.

அடுத்த மாதமே மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் வாங்கினேன். ஆறு அங்குலத் திரை, 16 ஜிபி, அப்போது இருந்ததிலேயே விலை குறைந்த மாடல், 9,999 ரூபாய். உறை 649. பாரிமுனையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள் நான். அதனால் இதற்கும் தனியாக ஒரு நோட்டுப் போட்டேன்.

22 மாதத்தில் 38 புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன், 4,370 ரூபாய். விலைக்கு வாங்காமல் எடுத்துப் படிக்கும் மாதச் சந்தாவை 169 ரூபாய் கட்டி நான்கு மாதம் வைத்திருந்தேன், அது 676. கருவியையும் உறையையும் சேர்த்தால் மொத்தம் 15,694. வாங்கியதில் படித்து முடித்தது 34. சந்தாவில் படித்தது 11, இலவசமாகக் கிடைத்ததில் 27. ஆக 72 புத்தகம். வகுத்தால் ஒரு புத்தகத்துக்கு 218 ரூபாய் விழுகிறது. புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் கழிவு போக நான் கொடுக்கும் விலையும் ஏறக்குறைய அதுதான். அதனால் காசு மிச்சமாகும் என்று நினைத்து இதை வாங்காதீர்கள். மாதம் ஒரு புத்தகம் படிப்பவருக்கு நிச்சயம் நஷ்டம். இன்னும் இரண்டு வருடம் இந்தக் கருவி உழைத்தால்தான் என் கணக்கே கொஞ்சம் இறங்கும். இன்னொன்று: அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதே புத்தகத்தின் மின்பதிப்புக்கு 5 சதவீதம் உண்டு. படிப்பவர் ஒருவர்தானே, இதில் ஏன் வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சந்தாவை நிறுத்தியதற்குக் காரணம், மாதம் முடிகிறதே என்று அவசரமாகப் படித்தேன். அப்படிப் படித்ததில் பாதி மனதில் நிற்கவில்லை.

அப்புறம் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், அம்மாவுக்காக. அம்மாவுக்கு வயது 71. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் புரை எடுத்த பிறகும் சின்ன எழுத்து அவருக்குச் சிரமம்தான். இதில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் ஒரு வரிக்கு மூன்று சொல் நிற்கும். நீளமான சொல் வந்தால் அது மட்டுமே ஒரு வரி. ஒரு நாவல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கமாக விரியும், பரவாயில்லை. அம்மா இதைச் ‘சிலேட்டு’ என்றுதான் சொல்வார். பக்கம் திருப்ப விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு திரையைத் தொடுவார், ஐம்பது வருடப் பழக்கம். திரையின் வலது ஓரத்தில் அந்த விரல் படும் இடம் எப்போதும் மங்கலாக இருக்கும். தினமும் ஆபீஸ் கிளம்பும்முன் முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுப்பார். வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜ் அருகே சிக்னலுக்காக நிற்கும் நேரம் முழுக்க எனக்கு. சாயங்காலம் திரும்ப அம்மாவிடம்.

சார்ஜ் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். இந்தத் திரையில் கருப்பு வெள்ளைத் துகள்கள் மின்சாரத்தால் நகர்ந்து எழுத்தாக நின்றுவிடுகின்றன. நின்ற எழுத்தைப் பிடித்துவைக்க மின்சாரம் வேண்டாம், பக்கம் மாறும்போது மட்டும்தான் வேண்டும். மழைக்காலத்தில் நாள் கணக்கில் கரண்ட் போகும் பகுதியில் இது பெரிய விஷயம்.

இலவசப் புத்தகங்களுக்கு மதுரைத் திட்டத்தை மறக்கவே கூடாது. பழைய தமிழ் நூல்களை 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்களும் நிறையக் கிடைக்கும். ஆனால் பழைய புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளை ஆறு அங்குலத் திரையில் படிக்க முயலாதீர்கள். எழுத்து எறும்பு அளவுக்குத்தான் தெரியும். பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே போய்விடும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திரை ஒருமுறை கறுத்து மீளும்.

காசு கொடுத்து வாங்கியதிலும் எனக்குக் கோபம் வந்தது உண்டு. ஒரு பதிப்பகத்தின் நாவலில் துணைக்கால் வரவேண்டிய இடமெல்லாம் ‘ர’ விழுந்திருந்தது. ‘வானம்’ என்பது ‘வரனம்’, ‘காலம்’ என்பது ‘கரலம்’. பழைய அச்சை இயந்திரத்தில் கொடுத்து எழுத்தாக மாற்றியபின் ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. அம்மா இரண்டு பக்கம் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, தன் கண்தான் கெட்டுவிட்டது என்று பயந்துபோனார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் இலவச மாதிரிப் பக்கங்களைப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

வாங்கிய மின்னூல் நம்முடையது என்று சொல்லவும் முடியாது. விதிமுறைப்படி நாம் வாங்குவது படிக்கும் உரிமம் மட்டும். கிண்டில் புத்தகங்களைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியும் 2025 பிப்ரவரி 26-ஓடு நின்றுவிட்டது. வெள்ளத்துக்கு முன்பு எதிர்வீட்டு அக்கா மாதம் இரண்டு புத்தகம் என்னிடம் வாங்கிப் போவார். அவர் படித்து, அவர் மகள் படித்து, சில சமயம் மகளின் காலேஜ் தோழி வரைக்கும் போய்த் திரும்பி வரும். 250 ரூபாய்ப் புத்தகத்தை நான்கு பேர் படித்த அந்தக் கணக்கு இந்த நோட்டில் ஏறாது. சிலேட்டை இரவல் கொடுக்கவும் முடியாது, கொடுத்தால் அம்மா படிப்பது எதில்?

அதனால் அக்கா கேட்பார் என்று தோன்றும் புத்தகங்களை மட்டும் தாளிலேயே வாங்குகிறேன். கட்டிலுக்கு அடியில் இல்லை, பரணில், மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வைக்கிறேன். 14 வாங்கியிருக்கிறேன். நேற்று எண்ணியபோது 11 இருந்தது. மற்ற மூன்றும் எதிர்வீட்டில்.