முரசுமோட்டைக்குப் போன அல்ப்ஸ் பிரிண்டர்

வெள்ளை நிறத்தை அச்சடிக்கத் தெரிந்த வீட்டுப் பிரிண்டர்கள் மிகக் குறைவு. கடையில் வாங்குகிற சாதாரண பிரிண்டருக்கு வெள்ளை என்றால் கடதாசியின் வெள்ளைதான். சிவப்பு மட்டையிலோ கறுப்பு மட்டையிலோ அடித்தால் எழுத்து அந்த நிறத்துக்குள்ளேயே மூழ்கிவிடும். என்னிடம் இருக்கிற அல்ப்ஸ் எம்.டி.5000 வெள்ளையும் அடிக்கும், பொன்னும் வெள்ளியும் பளபளக்க அடிக்கும். ஜப்பானின் அல்ப்ஸ் எலெக்ட்ரிக் 1990களில் செய்த மெஷின் அது. இந்த வகைப் பிரிண்டர்களின் விற்பனை 2010இல் நின்றது. 2015இல் ரிப்பன் விற்பனையும் நின்றுபோனது.

இந்த முறை ஊருக்குப் போகும்போது அதைக் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டைக்குக் கொண்டுபோனேன். காரணம் அக்காவின் மகன். அவன் சின்ன பஸ் செய்கிறவன். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, கண்ணாடி, சீற், மேலே சாமான் கட்டும் றாக் வரை வைத்து, ஒரு முழ நீளத்துக்குள் உண்மையான பஸ்ஸைக் கொண்டுவந்துவிடுவான். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்ஸும் செய்வான், ஏ35 வீதியில் பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்கு ஓடுகிற தனியார் பஸ்ஸும் செய்வான். வேலை அவ்வளவு சுத்தம். எழுத்துதான் அவனுக்குக் கரைச்சல் கொடுத்தது. சிவப்பு உடம்பில் 'கிளிநொச்சி சாலை' என்று டிப்போவின் பெயர் மூன்று மொழியிலும் வெள்ளையாக வரவேண்டும், முன்கண்ணாடியில் 'வற்றாப்பளை அம்மன் துணை' பொன்னிறத்தில் வரவேண்டும். ஒரு நெல்மணி உயரமுள்ள எழுத்தைத் தூரிகையால் எழுத முடியாது. ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினாலும் அந்த அளவுக்கு வெட்ட முடியாது, சுழிகள் பிய்ந்துவிடும். படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, உங்கட மெஷினில இது வருமே?" என்று கேட்டான். வரும் என்று எனக்குத் தெரியும். அங்கேயிருந்து அடித்து அனுப்புவதைவிட மெஷினையே அவன் கையில் கொடுப்பதுதான் சரி என்று பட்டது.

மெஷின் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு வருவது விளங்காது. இதில் திரவ மை கிடையாது. பாட்டுக் கசெற் மாதிரி ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே பிசின் பூசிய ரிப்பன். சூடேறும் தலை அந்தப் பிசினை உருக்கிக் கடதாசியில் ஒட்டுகிறது. ஏழு பெட்டிகளை ஒரே நேரத்தில் ஏற்றலாம். ஒரு நிறத்தைப் பக்கம் முழுக்க அடித்துவிட்டு, கடதாசியைப் பின்னுக்கு இழுத்து, அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததைத் தானாகவே எடுத்துக்கொண்டு வந்து, அதே இடத்தில் மறுபடி அடிக்கும். முதலில் வெள்ளை, அதன் மேல் மற்ற நிறங்கள். அடித்தது தண்ணீரில் கரையாது. அதனால் நீரில் நனைத்துக் கழற்றி ஒட்டுகிற டெக்கால் கடதாசிக்கு இதைவிடப் பொருத்தமான மெஷினை நான் கண்டதில்லை. மாதிரி ரயில், மாதிரி விமானம் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இன்னும் இதைத் தேடி வாங்குவதும் அதற்காகத்தான்.

வன்னிக்கு இது தோதான மெஷின் என்று நான் நம்பியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்க் அடிக்கிற பிரிண்டரைச் சும்மா வைத்தால் தலை காய்ந்து அடைத்துவிடும், வெயிலும் புழுதியும் சேர்ந்தால் இன்னும் கெதியாக. கிளிநொச்சியில் எத்தனையோ வீடுகளில் வெளிநாட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த பிரிண்டர்கள் அப்படித்தான் துணி மூடிக் கிடக்கின்றன. ரிப்பனுக்குக் காய்கிற பிரச்சினை இல்லை. இரண்டு மாதம் கழித்துத் திறந்தாலும் அடிக்கும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். என்ன மெஷின், புதிதா பழையதா என்று கேட்டார்கள். மஞ்சளடித்துப்போன அதன் மூடியைப் பார்த்ததும் போகலாம் என்றுவிட்டார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அங்கிருந்து வான் வண்டியில் ஏ9 வீதி வழியாக வந்தோம். வவுனியா தாண்டினால் வீதி நன்றாக இருக்கிறது, மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். பயணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வேலை கரண்ட். என் மெஷின் கனடாவில் விற்ற 120 வோல்ட் மெஷின். ஊரில் 230 வோல்ட். நேரே செருகினால் அந்த நிமிடமே புகைதான். கிளிநொச்சிக் கடைத்தெருவில் ஓர் எலெக்ட்ரிகல் கடையில் இறக்கு ட்ரான்ஸ்போர்மர் கேட்டதும் கடைக்காரத் தம்பி என்ன சாமானுக்கு, எத்தனை வாட் என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தான். பெரியதைத் தலையில் கட்டப் பார்க்கவில்லை. ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கடையிலேயே மீற்றரை வைத்து வெளியே வருகிற வோல்டேஜை அளந்து காட்டினான். கனடாவில் எந்தக் கடையிலும் எனக்கு இப்படி அளந்து காட்டியதில்லை.

கனடாவில் பெட்டியில் வைக்கும்போது ஒழுங்காக ஓடிய மெஷின் முரசுமோட்டையில் கடதாசியை இழுக்க மறுத்தது. இழுத்தாலும் வெள்ளை ஓர் இடத்தில், அதன் மேல் வரவேண்டிய சிவப்பு அரை மில்லிமீற்றர் தள்ளி. கடதாசி முன்னும் பின்னும் போய்வருகிற மெஷினில் உருளை கொஞ்சம் வழுக்கினாலே எல்லாம் கெட்டுவிடும். நகரில் ஏசி போட்ட ஒரு கொம்பியூட்டர் கடைக்குக் கொண்டுபோனோம். வாங்கி வைத்தார்கள், பிறகு வா, நாளைக்கு வா என்று இழுத்தார்கள், கடைசியில் "பார்ட்ஸ் இல்லை, புதுசு எடுங்கோ" என்று திருப்பித் தந்தார்கள். பின்மூடியில் இரண்டு திருகாணி குறைந்திருந்தது. பார்ப்பதற்கென்று ஒரு கட்டணமும் எடுத்தார்கள். திருத்தத் தெரியாதது குற்றமில்லை. தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்பதுதான் எனக்குக் கோபம். லீவில் வந்து நிற்கிறவனுக்கு நாட்கள்தான் விலையுயர்ந்தவை.

பிறகு மருமகன் பரந்தன் பக்கம் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனான். பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டில். றேடியோ, யுபிஎஸ், தண்ணீர்ப் பம்ப் மோட்டார், போட்டோக்கொப்பி மெஷின் எல்லாம் ஒரே மேசையில். அவர் முதலில் மெஷினைத் தொடவில்லை. "அண்ணை, ஒருக்கா ஓடவிடுங்கோ, பாப்பம்" என்றார். ஓடும்போது காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். இரண்டாவது தரம் ஓடியபோது உருளையின் அச்சில் மெதுவாக விரலை வைத்துப் பார்த்தார். கிரீஸ் இறுகிப்போய்விட்டது, ரப்பர் கண்ணாடி மாதிரி வழுவழுத்துவிட்டது, பிரயாணத்தில் ஒரு ஸ்பிரிங் கழன்றிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, போட்டோக்கொப்பி மெஷினுக்குப் போடுகிற கிரீஸைத் தடவினார். கடதாசியைத் தூக்குகிற உருளைக்கு, கழித்து வைத்திருந்த போட்டோக்கொப்பி மெஷின் ஒன்றின் ரப்பரை அறுத்து அளவாக்கி மாட்டினார். சூடேறும் தலையை ஃபார்மசியில் வாங்கிய ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தலையில் ஒரு தூசி இருந்தால் போதும், பக்கம் முழுக்க ஒரு வெறுங்கோடு விழும். செம்மண் புழுதி பறக்கிற ஊரில் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும் என்றார். குறைந்த திருகாணிகளுக்கும் ஒரு போத்தலுக்குள் தேடிப் பொருத்தமானது போட்டார்.

இந்த மெஷினை அவர் முன்பின் கண்டதில்லை. வேலை எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது, கரண்டும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில் அந்த டைனமோக்களைக் கழற்றிப் பூட்டித் தொடங்கியதாம். சாமானை எறியலாம் என்ற எண்ணமே அந்தக் காலத்தில் யாருக்கும் வரவில்லை என்றார். ஸ்காபரோவில் இதே மெஷினைக் காட்டி நான் கேட்காத இடமில்லை. திறந்து பார்க்கவே ஒருவரும் சம்மதிக்கவில்லை. உலகத்திலேயே நல்ல சேவை கிடைக்கிற நகரங்களில் ஒன்று என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிற இடம் அது. கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. "ரப்பர் தேஞ்சால் திரும்பக் கொண்டு வாங்கோ, அதுக்குத் தனியாத் தாங்கோ" என்றார்.

அச்சடிக்கத் தொடங்கியபோது வேறு சில்லறை வேலைகள். இந்த மெஷினைப் பழைய 25 முனை பேரலல் வயரில்தான் பூட்டவேண்டும். யுஎஸ்பி மாற்றி என்னுடையதில் சரிவரவில்லை. அதனால் அந்தத் துளை உள்ள, விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற ஒரு பழைய லாப்டொப்பையும் கூடவே கொண்டுபோயிருந்தேன். அதில் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துரு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மருமகன் ஃபோனில் கீறியதைப் படமாக்கிப் பென்ட்ரைவில் கொடுப்பான். தமிழ் எழுத்து மட்டும் வருகிற இடங்களை நான் பாமினியிலேயே அடித்துக் கொடுத்தேன்.

மரக்கிளை வெட்டுகிறார்கள் என்று காலையில் இருந்து பின்னேரம் வரை கரண்ட் நின்ற நாளும் இருந்தது. வெள்ளை அடித்து முடிந்து சிவப்பு பாதியில் போகும்போது கரண்ட் போனால் அந்தப் பக்கம் வீண், போன ரிப்பனும் திரும்பி வராது. மலிவான யுபிஎஸ்ஸின் கரண்ட் அலை சீராக இராது, அதில் ட்ரான்ஸ்போர்மரைப் பூட்டினால் சூடேறும் என்று பரந்தன்காரர் ஏற்கெனவே தடுத்திருந்தார். அதனால் கரண்ட் நிலையாக இருக்கிற இரவில் அடிப்பது என்று வைத்துக்கொண்டோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து, மெஷின் ரிப்பன் பெட்டிகளை மாற்றி மாற்றி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அடித்த டெக்காலை அப்படியே நனைத்து ஒட்ட முடியாது, நகம் பட்டாலே பிசின் உரியும். மேலே மெல்லிய லக்கர் வேண்டும். கிளிநொச்சியில் வாகனப் பெயின்ற் கடைக்காரர் கிளியர் ஸ்பிரே டின்னை எடுத்துவிட்டு, "பிளாஸ்டிக்குக்கோ? அப்ப ஒரேயடியாய் அடிக்காதேங்கோ, மெல்லிசா மூண்டு தரம்" என்றார். மூன்று தரம் மெல்லிசாக அடித்தோம். கரையே தெரியாமல் எழுத்து பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டது. அச்சகம் ஒன்றில் மட்டையும் வெட்டித் தந்தார்கள். அங்கே கத்தி கூர்மையாக இல்லை, விளிம்பு பிசிறியது. அவசரமில்லாதவர்கள் யாழ்ப்பாணத்தில் வெட்டுவிப்பது நல்லது.

முன்கண்ணாடியில் பொன்னெழுத்து வந்ததும் அக்காவே இரண்டு தரம் கையில் எடுத்துப் பார்த்தா. அதற்குப் பிறகு அவவுக்கும் ஒரு வேலை வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சாமத்திய வீட்டுக்குப் பனையோலைப் பெட்டி செய்கிறவர்களுக்குக் கறுப்பு மட்டையில் பொன்னிறத்தில் பெயர் அடித்துக் கொடுத்தோம். இப்படிக் கொடுத்தால் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று ஊர் முழுக்கக் கேட்கும். ரிப்பன் தாங்காது. பொன் ரிப்பனை வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ரிப்பன்தான் இதன் முடிவு நாள். புதிதாகச் செய்கிறவர் இல்லை. மிச்சமிருப்பவை ஜப்பானில் பழைய சாமான் விற்கிறவர்களிடமும் சேர்த்து வைத்தவர்களிடமும் இருக்கின்றன, விலையும் ஏறிக்கொண்டே போகிறது. வெள்ளைதான் முதலில் தீரும். படலத்தில் அடித்துச் சூட்டால் துணிக்கு மாற்றுகிற டிடிஎஃப் என்கிற புதிய முறையிலும் வெள்ளை வருகிறதே, அதற்கு மாறலாமே என்று ஊரில் ஒருவர் கேட்டார். ரீ-சேட்டுக்கு அது நல்லது. ஆனால் அதன் வெள்ளை மை அடியில் படிந்துவிடும், நாள்தோறும் கலக்கி ஓட்டவேண்டும். படலமும் தடிப்பு, நெல்மணி எழுத்துக்கு ஒத்துவராது. ஆக, மருமகனும் நானும் இப்படி முடிவெடுத்திருக்கிறோம்: பஸ்ஸின் பெரிய கோடுகள், பூ வேலைகள் எல்லாம் ஸ்டிக்கர் கடையில். சின்ன எழுத்து மட்டும் அல்ப்ஸில். அதையும் ஒரு தாள் நிறையும் வரை சேர்த்து வைத்து அடிப்பான்.

மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். என்னிடம் மிச்சமிருக்கிற வெள்ளை ரிப்பன்களை, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற மச்சானிடம் கொடுத்துவிடுகிறேன். தபாலில் போட மனம் வரவில்லை, வெயிலில் எத்தனை நாள் எந்த லொறிக்குள் கிடக்குமோ தெரியாது. ஸ்காபரோப் பக்கம் யாராவது பழைய அல்ப்ஸையோ அதன் ரிப்பனையோ கராஜைத் துப்புரவாக்கும்போது கண்டால், தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். வெள்ளை, பொன் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் எடுத்து வையுங்கள். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.