நடைபாதை வேண்டுமா? ஆணையரைப் பிடிப்பதா, கவுன்சிலரைப் பிடிப்பதா?

சென்னையில் நம் தெருவுக்கு ஒரு நடைபாதையோ சைக்கிள் தடமோ வேண்டுமென்றால் மூன்று வழி சொல்வார்கள்: மேலே மாநகராட்சி ஆணையர், கீழே கவுன்சிலர், இரண்டும் நடக்காவிட்டால் கோர்ட்.

ஆணையர் பக்கம் காகிதப் பலம் அதிகம். 2014-லேயே மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது, போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகமும் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் மேலிருந்து வந்ததுதான். ஆர்வமுள்ள ஐஏஎஸ் அதிகாரி அமைந்தால் ஃபைல் ஓடும். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டால் அடுத்தவரிடம் மறுபடி முதலிலிருந்து.

கவுன்சிலர் எங்கும் போகமாட்டார், அடுத்த தேர்தல்வரை அதே வார்டு. "காரை எங்கே நிறுத்துவது?" என்று கடைக்காரர் கத்துவதும் அவரிடம்தான், அதனால் அவர் தயங்குவது நியாயம். கொள்கை, சுற்றுச்சூழல் என்றெல்லாம் அவரிடம் பேசிப் பயனில்லை. பள்ளி தொடங்கும் நேரத்தில் அவரையும் வார்டு உதவிப் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்துவிடுங்கள், கையில் ஒரு அளவு டேப் இருக்கட்டும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் ஐஆர்சியின் (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) விதி நடைபாதைக்குக் கேட்பது குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம்; ஈபி பில்லர் பாக்ஸும் (தெருவோர மின்பெட்டி) வீட்டு கேட்டின் சாய்தளமும் சேர்ந்து தின்றது போக எவ்வளவு மிச்சம் என்று அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டுங்கள். பிள்ளைகள் சாலையில் இறங்கிப் போவதை அவரே பார்ப்பார். அப்புறம் ஏரியா சபையில், அதாவது வார்டு மக்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், நாலு தாய்மார் அதையே கேட்டால் போதும்.

கோர்ட்டா? நடைபாதையில் நடப்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, மாநகராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் அதைச் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் வழக்கே போட்டால் பொறியாளர் எதிர்த்தரப்பாகிவிடுவார், தீர்ப்பு வந்தாலும் முதலில் அப்புறப்படுத்துவது பூக்கடை அம்மாவைத்தான், காரை இல்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் ஓட்டு கவுன்சிலருக்கு. அவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு ஆணையரிடம் போனால் அங்கேயும் பேச்சு எடுபடும். ஒன்று மட்டும், சாலை மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் மண்டல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நெடுஞ்சாலைத் துறை என்றால் கவுன்சிலரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, எம்எல்ஏவைத்தான் பார்க்க வேண்டும்.