தயிருக்கு உறை எங்கிருந்து வந்தது? கம்பைலரை அடியிலிருந்து கட்டும் மூன்று வழிகள்

கந்தளாய்ப் பக்கம் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கி வருகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: பால் உறைய ஒரு கரண்டி பழைய தயிர் வேண்டும், அந்தத் தயிருக்கு அதற்கு முந்திய நாள் தயிர் வேண்டும். கம்பைலரும், அதாவது மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய பைனரியாக மாற்றும் நிரலும், அப்படித்தான். ஜிசிசி (GCC) என்ற பரவலான கம்பைலரின் மூலநிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. ஆனால் அதைக் கம்பைல் பண்ண இன்னொரு கம்பைலர் வேண்டும், அது யாரோ தந்த பைனரியாகத்தான் நம் கைக்கு வருகிறது. அந்த உறையிலேயே ஏதாவது கலந்திருந்தால்?

யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984இல் அச்சான தன் டூரிங் விருது (கணினித் துறையின் உயரிய விருது) உரையில் இதைத்தான் காட்டினார். கடவுச்சொல் கேட்கும் லாகின் நிரலைக் கம்பைல் பண்ணும்போது கம்பைலர் அதில் கள்ளக் கதவு ஒன்றை வைக்கும். தன்னையே கம்பைல் பண்ணும்போது, அந்தக் கதவு வைக்கும் வித்தையைப் புதிய கம்பைலருக்குள்ளும் வைத்துவிடும். மூலநிரலை எத்தனை தடவை படித்தாலும் தடயம் கிடைக்காது.

உப்புவெளியில் நண்பர் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் நாலு பேர் கூடுகிறோம். இதற்கு வழியென்று சொல்லப்படும் மூன்றையும் அங்கே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

முதலாவது, டேவிட் வீலர் 2005இல் ஒரு கட்டுரையாகவும் 2009இல் முனைவர் பட்ட ஆய்வாகவும் விரித்து எழுதிய இரட்டைக் கம்பைல் முறை. சந்தேகப்படும் கம்பைலரின் மூலநிரலைச் சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பைலரால் கம்பைல் பண்ணுங்கள். வந்ததைக் கொண்டு அதே மூலநிரலை மறுபடி கம்பைல் பண்ணுங்கள். முடிவு, சந்தேகப்பட்ட பைனரியோடு பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போனால், மூலநிரலில் இல்லாத எதுவும் அதில் ஒளிந்திருக்கவில்லை. வேலை குறைவு, சாதாரண மடிக்கணினி போதும். ஆனால் அந்த இரண்டாவது கம்பைலரை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டிலும் ஒரே நஞ்சு இருக்க வாய்ப்புக் குறைவு என்பதுதான் இதன் பலம். அது சின்னப் பலமில்லை, ஆனாலும் அது பழைய தயிரை வேறு கடையில் வாங்குவது.

இரண்டாவது வழியில் உறையே இல்லாமல் தொடங்குகிறோம். என் மனம் அதிகம் போனது இங்கேதான். ஜெரமையா ஓரியன்ஸ் தொடங்கிய ஸ்டேஜ்0 திட்டத்தின் விதை ஹெக்ஸ்0 என்ற குட்டி நிரல். கீக்ஸ் (Guix) என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் 2023இல் தன் முழு மூலநிரல் கட்டுமானத்தை அறிவித்தபோது அந்த விதையின் அளவு 357 பைட். பதினாறடிமான எண்களை (0 முதல் 9, பின் A முதல் F வரை) வாசித்து பைட்டாக எழுதுவதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது. 48 என்று எழுதினால் 72 என்ற மதிப்புள்ள ஒரு பைட் வரும், அவ்வளவுதான். 32 பிட் லினக்ஸில் கோப்பின் தலைப்புகளுக்கே 84 பைட் போய்விடும். மிச்சம் உள்ளதை ஒரு கொப்பியில் எழுதி, இன்டெல் கையேட்டைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டளையாகச் சரிபார்க்க முடியும். இரண்டு சனிக்கிழமைகளில் நாங்கள் முடித்தோம். கணினியில் ஓடும் ஒரு நிரலின் ஒவ்வொரு பைட்டும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய நிலைக்கு வந்தது எனக்கு வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

அப்புறம் ஏணிதான், ஒவ்வொரு படியும் அடுத்ததைக் கட்டும். ஹெக்ஸ்1இல் ஓரெழுத்து அடையாளங்கள், ஹெக்ஸ்2இல் நீண்ட பெயர்கள், எம்0இல் மேக்ரோ (ஒரு பெயரை எழுதினால் அதற்குரிய பைட்டுகளை இடும் வசதி). அதில் எழுதிய சிறிய சி கம்பைலர், அதிலிருந்து எம்2-பிளானட் என்ற இன்னொரு சி கம்பைலர். அது ஸ்கீம் மொழி இயக்கியான மெஸ்ஸைக் கட்டும். மெஸ்ஸில் ஓடும் கம்பைலர் டைனிசிசி என்ற சி கம்பைலரைக் கட்டும், அது பழைய ஜிசிசியைக் கட்டும். பழையதுதான் வேண்டும், ஏனென்றால் 4.8 முதல் ஜிசிசியைக் கட்டவே சி++ கம்பைலர் தேவை. வெறும் சி கம்பைலரால் கட்டக்கூடிய கடைசித் தொடர் 4.7.

கீக்ஸ் இந்த ஏணியை அன்றாடப் பாவனைக்குரிய ஒரு முழு இயங்குதளத்தின் அடியில் வைத்திருக்கிறது. பெரிய சாதனை. ஆனால் ஏணியை ஓட்டும் கைல் (Guile) என்ற ஸ்கீம் இயக்கி மட்டும் ஏறக்குறைய 25 மெகாபைட் பைனரி. அதோடு, எங்களில் இளையவனான நண்பரின் தம்பி ஒருநாள் கேட்டான்: "அண்ணை, இதெல்லாம் லினக்ஸுக்கு மேலதானே ஓடுது. அந்த லினக்ஸை ஆர் கம்பைல் பண்ணினது?"

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது மூன்றாவது வழி, லைவ்-பூட்ஸ்ட்ராப். இதை வெற்று இயந்திரத்திலேயே தொடங்கலாம். பில்டர்-ஹெக்ஸ்0 என்ற சில கிலோபைட் கெர்னலும் (இயங்குதளத்தின் மையநிரல்) கையால் எழுதப்பட்டதுதான். அது ஏணியின் கீழ்ப்படிகளைச் சுமக்கும். டைனிசிசி வந்ததும் ஃபிவிக்ஸ் என்ற சிறிய கெர்னல் கட்டப்படும், பிறகு லினக்ஸ். கணினியைத் துவக்கும் பயாஸும் சில்லும் இன்னமும் நம்பிக்கையின் பேரில்தான், அது உண்மை.

இன்னொரு கண்டிப்பும் உண்டு. மூலப்பொதிகளோடு வரும், ஏற்கெனவே உருவாக்கி வைத்த கன்ஃபிகர் ஸ்கிரிப்டுகளை (கட்டுமுன் கணினியைச் சோதித்து அமைப்பவை) இது ஏற்காது. எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கும். வீண் பிடிவாதம் என்று நானும் முதலில் நினைத்தேன். 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் பொதியில் கள்ளக் கதவு பிடிபட்டதே, நினைவிருக்கிறதா? அதை இயக்கிவிட்ட வரி, எல்லாரும் பார்க்கும் மூலநிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியின் கட்டுமான ஸ்கிரிப்டில்தான் ஒளிந்திருந்தது. தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து மென்பொருளாளர் ஆன்ட்ரஸ் ஃபிராய்ண்ட் துருவியிருக்காவிட்டால் அது எங்கெல்லாமோ போயிருக்கும். அதற்குப் பிறகு இந்தக் கண்டிப்பு எனக்குத் தேவையான ஒன்றாகவே படுகிறது.

விலை நேரம். கீழ்ப்படிகள் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஜிசிசிக்கு மேலே போனால் மணிக்கணக்கு. என் பழைய மடிக்கணினியில் ஓரிரவில் முடியவில்லை. பற்றரியும் பழசு, விடியற்காலையில் கரண்ட் போனதும் எல்லாம் நின்றது.

யாருக்கு எது? பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்க விரும்புவோருக்கும் ஸ்டேஜ்0இன் முதல் மூன்று படிகள், அதுவும் தாளில். அன்றாடப் பாவனைக்கு கீக்ஸ். ஆனால் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை வேண்டுமென்றால் என் தெரிவு லைவ்-பூட்ஸ்ட்ராப்தான். பைட் எண்ணிக்கை குறைவு என்பதற்காக அல்ல. கெர்னலையும் ஸ்கிரிப்டுகளையும் அது கணக்கில் எடுக்கிறது. வீலரின் முறையையும் தூக்கிப் போடத் தேவையில்லை. அவர் கேட்ட அந்த இரண்டாவது கம்பைலராக, இந்த ஏணியின் உச்சியில் கிடைக்கும் ஜிசிசியையே வைத்துக்கொள்ளலாம்.

வரும் சனிக்கிழமை நாங்கள் ஹெக்ஸ்2 தொடங்குகிறோம். இந்தத் தடவை கரும்பலகையில் எழுதப் போவது தம்பி.