கீழ்க்காலுக்குள் டைட்டானியம் ராடு: சில வருட அனுபவம்

பைக் விபத்தில் முறிந்த வலது கீழ்க்கால் எலும்புக்குள் டைட்டானியம் ராடு வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. நடை, மாடிப்படி, வண்டி ஓட்டுவது எல்லாம் பழையபடி. ராடு வைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "ஸ்டீலா, டைட்டானியமா?" என்றுதான். அதே அளவுக்குத் தடிமனையும் வடிவத்தையும் கேளுங்கள் என்பேன்.

உலோகம் முக்கியம்தான். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியைவிட ஸ்டீல் சுமார் 10 மடங்கு விறைப்பானது. டைட்டானியக் கலவை சுமார் 6 மடங்கு. விறைப்பு அதிகமாகி உலோகமே பாரத்தையெல்லாம் தாங்கினால், வேலையில்லாத எலும்பு மெலியத் தொடங்கும். ஆனால் ராடின் வளையாத் தன்மை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 9 மி.மீ.க்குப் பதில் 10 மி.மீ. போட்டாலே 50 சதவீதம் கூடிவிடும். ஒரே வடிவமாக இருந்தால், 12 மி.மீ. டைட்டானியம் ராடு 10 மி.மீ. ஸ்டீல் ராடைவிட விறைப்பானது! எலும்பின் மேல் பொருத்தும் பிளேட் என்றால், தடிமன் இரு மடங்கானால் விறைப்பு 8 மடங்கு.

என்னுடையது நடுவில் துளையுள்ள குழாய். ராடை எலும்புக்குள் இறக்கும்போது அந்தத் துளை வழியாகத்தான் வழிகாட்டிக் கம்பி போகிறது. விட்டத்தில் பாதி துளையாக இருந்தாலும் விறைப்பில் 6 சதவீதம்தான் குறையும். நீளவாக்கில் பிளவு இருந்தால் கதையே வேறு. ஜெர்மனியில் குன்ட்ஷர் என்ற டாக்டர் 1939-இல் தொடங்கிவைத்த முறையில் வந்த பழைய ராடுகளில் அப்படிப் பிளவு உண்டு. முறுக்கினால் எளிதில் திருகிக்கொள்ளும். இப்போது மூடிய குழாயும் இரு முனைகளிலும் அதை எலும்போடு பிணைக்கும் ஸ்க்ரூவும்தான்.

அந்த ஸ்க்ரூக்கள்தான் எனக்குத் திருப்பம். சில மாதங்களாகியும் எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு அப்படியே தெரிந்தது. மேல்முனையில் நீள்துளையில் இருந்த ஸ்க்ரூவை விட்டுவிட்டு, வட்டத் துளையில் இருந்ததை மட்டும் டாக்டர் கழற்றினார். நீள்துளையில் ஸ்க்ரூ சற்று நகர இடம் உண்டு என்பதால், அப்புறம் கால் ஊன்றும்போதெல்லாம் எலும்பு முனைகள் ஒன்றையொன்று அழுத்தின. அடுத்த எக்ஸ்ரேயில் கோட்டைச் சுற்றி வெண்மேகமாகப் புது எலும்பு. எவ்வளவு நிம்மதி!

குறை ஒன்று உண்டு: முழங்காலிட்டால் முட்டிக்குக் கீழே வலிக்கும். எடுத்தாலும் வலி போகும் என்று உறுதியில்லை என்றதால் விட்டுவைத்திருக்கிறேன். உங்களுக்கு வைத்த ராடின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எடுக்க நேர்ந்தால், எந்தக் கருவியால் கழற்றுவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.